தைத்து அனுப்பிவிட்டால் தீர்ந்ததா?

புத்தாடை உடுத்திப் புறப்படுகிறாள் ஒரு பெண். கையிலே ஊர் போய்ச் சேர பஸ் கட்டணம். கண்ணிலே நீர். ஆனால் துயரத்தால் வந்த நீரல்ல அது. துணி நனையாமல் ஓரிரவு உறங்கியறியாதவள், இன்று காய்ந்த துணியோடு நடக்கிறாள். எத்தியோப்பிய நாட்டுத் தலைநகராம் அடிஸ் அபாபாவில், பிஸ்டுலா மருத்துவமனையின் வாயிலில் எத்தனையோ ஆண்டுகளாக நடந்துவரும் காட்சி இது. குணமான பெண்ணுக்குப் புது உடுப்பும் வழிச் செலவும் கொடுத்து வழியனுப்புவது அங்கே வழக்கம். பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள். படம் பிடிக்கிறார்கள். “நோய் தீர்ந்தது, நொந்தவள் சிரித்தாள்” என்று எழுதிக் கதையை முடிக்கிறார்கள்.

முடிந்ததா கதை? பஸ் ஏறிப் போனாளே, அவள் போய்ச் சேர்ந்த ஊரிலே என்ன நடந்தது? யார் கேட்டார்கள்? அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கிறோம்.

பிஸ்டுலா என்றால் என்ன என்பதை விளக்கமாகவே சொல்லிவிடுவோம். கூச்சப்பட வேண்டாம் தோழர்களே! தாய் வயிற்றிலே பிறந்தவர்கள்தானே நாமெல்லாம். தாய் பட்ட பாட்டைக் காதால் கேட்கவும் கூசுகிறவன், எந்த நாகரிகத்தைப் பற்றிப் பேசுகிறான்?

பிள்ளையின் தலை பெரிது. தாயின் இடுப்பெலும்பு விடும் வழி சிறிது. ஏன் சிறிது? வளர வேண்டிய வயதில் வயிறாரச் சோறில்லை. வளர்ந்து முடியுமுன்னே மணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். நன்கு வளர்ந்த பெண்ணுக்கும், பிள்ளை குறுக்கே கிடந்தால் இதே கதிதான். வலி எடுக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்! பக்கத்திலே ஆஸ்பத்திரி இருந்திருந்தால், சிசேரியன் செய்து தாயையும் சேயையும் காப்பாற்றியிருப்பார்கள். இவள் இருப்பதோ மலைமுகட்டுக் கிராமம். பாதைக்கு வர ஒரு நாள் நடை. பணத்துக்கோ வழியே இல்லை. பிள்ளையின் தலை, தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து நசுக்குகிறது. இரத்த ஓட்டம் நிற்கிறது. நசுங்கிய சதை சாகிறது. பிள்ளையும் பெரும்பாலும் செத்தே பிறக்கிறது. சில நாட்களில் செத்த சதை உதிர்ந்து, சிறுநீர்ப்பைக்கும் பிள்ளை பிறக்கும் வழிக்கும் இடையே ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டைக்குத்தான் பிஸ்டுலா என்று பெயர். அன்று முதல் நின்றாலும் சொட்டும், படுத்தாலும் சொட்டும், இரவும் சொட்டும், பகலும் சொட்டும். சிலருக்கு மலம் போகும் பக்கத்திலும் ஓட்டை விழும். கால் நரம்பும் நசுங்கியிருந்தால் பாதம் தொங்கிப்போகும். கோலூன்றித்தான் நடக்க வேண்டும்.

பிள்ளையை இழந்தவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாமா? “நாறுகிறாள்” என்றான் கணவன். “சாபம்” என்றார்கள் ஊரார். வீட்டுக்குள் இருந்தவளைத் திண்ணைக்குத் தள்ளினார்கள். திண்ணையிலிருந்து கொல்லைப்புறக் குடிசைக்குத் தள்ளினார்கள். தண்ணீர் குடித்தால்தானே கசியும் என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டாள் பேதை. அதனால் சிறுநீர் சுண்டித் தொடையெல்லாம் புண்ணாயிற்று. அசைந்தால்தானே ஒழுகும் என்று சுருண்டு கிடந்தாள்; மாதக்கணக்கில் கிடந்ததால் முழங்கால் மடங்கியபடியே இறுகிப் போயிற்று. பட்டது ஒரு காயம், அதிலிருந்து கிளைத்தது ஒன்பது!

எத்தனை பெண்கள் இப்படி என்று கேட்டால், அதற்கே இரண்டு விடை கிடைக்கிறது. ஐந்து லட்சம் என்கிறது ஐக்கிய நாடுகள் மக்கள் தொகை நிதியம். ஆசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் சேர்த்து இருபது லட்சத்துக்கு மேல் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் புதிதாகச் சேருகிறார்கள் என்பதும் அதன் மதிப்பீடே. ஐந்து எங்கே, இருபது எங்கே! பருத்தி மூட்டையில் ஒன்று குறைந்தால் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கிற உலகம், பெண்களின் கணக்கிலே பதினைந்து லட்சம் இடித்தால் உறக்கம் கெடுவதில்லை.

இந்த இருட்டிலே விளக்கேற்றியவர்களை மறைக்க மாட்டோம். ஆஸ்திரேலியாவில் பிறந்த காதரின் ஹாம்லின், நியூசிலாந்துக்காரரான அவருடைய கணவர் ரெஜினால்டு ஹாம்லின் — இருவரும் டாக்டர்கள். 1959ஆம் ஆண்டு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடிஸ் அபாபா வந்தார்கள். வந்த இடத்தில் இந்தப் பெண்களைப் பார்த்தார்கள். பார்த்தபின் திரும்பிப் போக மனம் வரவில்லை. 1974இல் இவர்களுக்கென்றே தனி மருத்துவமனை கண்டார்கள். காசு வாங்காமல் சிகிச்சை செய்தார்கள். 1993இல் கணவர் மறைந்தார். அம்மையார் தொடர்ந்து பணியாற்றி, 2020ஆம் ஆண்டு மார்ச்சில், தமது 96ஆம் வயதில், அந்த மண்ணிலேயே கண்மூடினார். அறுபதாயிரம் பெண்களுக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு மாலை டீக்கடையிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, பஞ்சாலைத் தோழர் ஒருவர் கேட்டார்: “அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே அண்ணே! அப்புறம் என்ன?”

நல்ல கேள்வி. நாமும் அவரையே திருப்பிக் கேட்டோம். “தம்பி! மில்லிலே உன் கை இயந்திரத்தில் சிக்கிவிடுகிறது. டாக்டர் தைத்துவிடுகிறார். தையல் பிரித்தாயிற்று, காயம் ஆறிற்று, சீட்டிலே ‘குணம்’ என்று எழுதிவிட்டார். விரல் மடங்கவில்லை. பழைய இடத்தில் வேலை இல்லை. பாதிக் கூலிக்குக் கூட்டிப் பெருக்கச் சொல்லுகிறார்கள். இரவெல்லாம் குத்துவலி. பெண் கொடுப்பதாகச் சொன்னவர் பின்வாங்குகிறார். அப்போது உன்னிடம் வந்து, ‘அதான் தைத்தாயிற்றே, அப்புறம் என்ன’ என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வாய்?”

தோழர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். “சங்கத்துக்குப் போவேன்” என்றார்.

போகத்தான் வேண்டும். வேலையிலே ஊனப்பட்டவனுக்கு நட்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923ஆம் ஆண்டே வந்துவிட்டது. காயம் ஆறியதா என்பது மட்டுமே அதற்குக் கணக்கல்ல. சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்பதையும் அது கணக்கெடுத்தது. ஆங்கிலேயன் மொழியிலே ஒரு விந்தை உண்டு. உழைப்புக்கும் ‘லேபர்’ என்பான், பிரசவ வலிக்கும் ‘லேபர்’ என்பான். ஒரு சொல்தான், இரண்டு நியாயம்! ஆலையிலே ஊனப்பட்ட உழைப்பாளிக்குச் சங்கம் உண்டு, சட்டம் உண்டு. பேறுகாலத்தில் ஊனப்பட்டவளுக்கு? ஒரு புதுச் சட்டையும் பஸ் கட்டணமும். அதையும் கருணையுள்ளம் கொண்ட யாரோ கொடுத்தால் உண்டு.

இனி, ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதைக் கேளுங்கள்.

பத்துப் பதினான்கு நாட்கள் வரை ரப்பர்க் குழாய் வைத்துப் படுக்கையில் இருத்துகிறார்கள். தேர்ந்த கைகளில், முதல் முறையிலேயே பெரும்பாலோருக்கு ஓட்டை மூடிவிடுகிறது. முதல் முறை தவறினால் இரண்டாவது கடினம். மூன்றாவது அதைவிடக் கடினம். சரி, மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஏட்டிலே ‘வெற்றி’ என்று எழுதியாயிற்று. ஆனால் நசுங்கிய இடத்தில் சிறுநீர்ப்பை சுருங்கியிருக்கும். சிறுநீரை அடக்கி வைக்கும் தசை சிதைந்திருக்கும். ஆகவே ஓட்டை மூடிய பிறகும் கணிசமானவர்களுக்குக் கசிவு நிற்பதில்லை. இருமினால் கசியும். தும்மினால் கசியும். பாரம் தூக்கினால் கசியும். ஊர் திரும்பிய உழவர் வீட்டுப் பெண் பாரம் தூக்காமல் எப்படி இருப்பாள்? மண்குடத்தை முதுகிலே கட்டி ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியவள் அவள். விறகு சுமக்க வேண்டியவளும் அவள்தான். “சில மாதங்களுக்குக் கனமான வேலை கூடாது” என்றார் டாக்டர். டாக்டரா வந்து தண்ணீர் எடுப்பார்?

ஏட்டிலே குணமானவள், வீட்டிலே ஈரத் துணியோடு இருக்கிறாள். இதிலே ஒரு கொடுமை பாருங்கள். முன்பாவது “நோயாளி” என்று இரக்கப்பட ஓரிருவர் இருந்தனர். இப்போது, “ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகும் இவளுக்குத் தீரவில்லை; இவளிடம்தான் ஏதோ குற்றம்” என்கிறார்கள். அவளும் அப்படியே நம்பத் தொடங்குகிறாள். சந்தைக்குப் போவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. கூட்டமாக உட்கார்ந்து பேசும் இடத்தில் ஓரமாக, கதவருகே, எழுந்து ஓட வசதியாக உட்காருகிறாள். கசிவு அறவே நின்றுபோனவர்களிலும் பலருக்கு இந்தப் பழக்கம் போவதில்லை. உடம்பு காய்ந்த பிறகும் மனம் நனைந்தே கிடக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு விலக்கிவைக்கப்பட்டவளுக்கு, “வா, உட்கார்” என்ற சொல்லைக் கேட்டு நம்பவே நாளாகும்.

அடுத்தது குடும்பம். சில மாதங்கள் கணவனோடு சேரக்கூடாது என்பது மருத்துவர் சொல்லி அனுப்பும் விதி. விதி சொல்லப்படுவது அவளிடம்; அதைக் காக்க வேண்டியவன் அவன். அவன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வராதவன்! அவனுக்கு யார் சொல்வது? சிலர் வேறு மணம் முடித்துக்கொண்டார்கள். சிலர், குணமானாள் என்று கேட்டதும் “வா” என்று அழைத்தார்கள். அழைத்த மனத்தைக் குறை சொல்ல மாட்டோம். சில பெண்களின் கணவன்மார் தொடக்க முதலே கைவிடாமல், தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்ததும் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஆனால் ஆறாத தையலின்மேல் உரிமை கொண்டாடுகிறவனை என்னவென்பது? அவன் பிரிப்பது ஒரு டாக்டரின் உழைப்பை மட்டுமா?

பிறகு, பிள்ளை! பறிகொடுத்த பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளை வேண்டுமென்று அவள் ஏங்குகிறாள். வீட்டாரும் நெருக்குகிறார்கள். சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோயிருக்கும்; தழும்பு இறுகிக் கருத்தரிக்க முடியாமல் போயிருக்கும். கருத்தரித்தவளோ கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்; சிசேரியன் செய்துதான் பிள்ளையை எடுக்கவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டிலேயே பெற முயன்றால் தைத்தது கிழியும். பழைய ஓட்டை மறுபடி விழும். இந்தப் பிள்ளையும் போகும். மலைமுகட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாமல்தானே முதல் காயமே பட்டாள்? அந்த மலை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. பாதை போட்டார்களா? பணம் கொடுத்தார்களா? அவளைத் தைத்தார்களே தவிர, அவள் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே கிழிந்து கிடப்பதை யார் தைத்தார்கள்?

ஓட்டை மூடியதா இல்லையா என்ற ஒன்றையே வெற்றியாகக் கொள்ளும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு, வெட்கக்கேடான வரலாறு. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், மாரியன் சிம்ஸ் என்ற டாக்டர் 1845 முதல் 1849 வரை இந்த அறுவை சிகிச்சையைப் பழகினார். யார் உடம்பில் பழகினார்? கறுப்பின அடிமைப் பெண்களின் உடம்பில். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றவர்கள் பெயரும் இல்லாமல் போனார்கள். மயக்க மருந்து கொடுக்காமல் அறுத்தார். 1846இலேயே ஈதர் மயக்க மருந்து வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டுவிட்டது, ஆனாலும் கொடுக்கவில்லை. அனார்காவுக்கு முப்பது முறை! முப்பதாம் முறை, வெள்ளிக் கம்பியால் தைத்தபோது ஓட்டை மூடிற்று. சிம்சுக்குப் புகழ் பிறந்தது. ‘மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று பட்டம் கட்டினார்கள். நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். முப்பது முறை அறுபட்டவள் அதன்பின் எப்படி இருந்தாள், வலியில்லாமல் நடந்தாளா, எஜமானனின் வயலில் என்ன சுமந்தாள் என்று மாலை போட்டவர்களில் யார் கேட்டார்கள்? கேட்க ஆட்கள் கிளம்பிய பிறகு, 2018 ஏப்ரலில், மத்தியப் பூங்காவை ஒட்டி நின்ற அந்தச் சிலை இறக்கப்பட்டது. 2021இல் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரத்தில் அந்த மூன்று பெண்களுக்கும் சிலை எழுந்தது.

அந்த சிம்ஸ் 1855இல் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை, பின்னாளில் பார்க் அவென்யூ என்னும் பெருவீதிக்கு இடம் மாறி நடந்தது. அந்த இடத்திலே 1931இல் வால்டார்ப் அஸ்டோரியா என்ற ஆடம்பர ஓட்டல் எழுந்தது. அந்த ஊரிலே பேறுகால மருத்துவம் வளர்ந்தது. பிரசவத்தில் தடைபட்டால் உடனே சிசேரியன் என்ற நிலை வந்தது. பிஸ்டுலா அங்கே பழங்கதையாயிற்று. தீர்க்கக்கூடிய துன்பம் இது. ஒரு நாட்டில் தீர்ந்தும் விட்டது. இன்னொரு நாட்டில் தீராமல் நிற்கிறதே, சாபமா காரணம்? சாபம் கடல் கடக்காதா? டாலர் உள்ள ஊரைக் கண்டால் பயப்படுமா?

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் அந்த எத்தியோப்பியாவே சான்று. தையலோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதை ஹாம்லின் அம்மையார் உணர்ந்தார். அடிஸ் அபாபாவுக்கு வெளியே ‘தெஸ்தா மெந்தர்’ என்ற குடியிருப்பு எழுந்தது. ‘மகிழ்ச்சி ஊர்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். காயம் மிகக் கடுமையாகி, சிறுநீர் வழியையே மாற்றிவிடப்பட்டு, வயிற்றின்மேல் பை கட்டிக்கொண்டு வாழவேண்டிய பெண்களுக்காக உண்டான இடம் அது. அங்கே தோட்ட வேலை உண்டு, மாடு வளர்ப்பு உண்டு, கைத்தொழிலும் படிப்பும் உண்டு. தொங்கிய பாதத்துக்கும் இறுகிய முழங்காலுக்கும் உடற்பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஆட்கள் உண்டு. 2007இல் மருத்துவச்சிகளுக்கென ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, கிராமப் பகுதிகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்; காயம் படுமுன்னே காப்பதற்கு! அந்த நாட்டுக் குடும்பச் சட்டமும் 2000ஆம் ஆண்டில் திருமண வயதைப் பதினெட்டாக்கியது. சட்டம் தலைநகரில் கையெழுத்தானது. மலைமுகட்டுக்கு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மமித்து காஷே என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1962இல், இளம் பருவத்தில், இதே காயத்தோடு ஹாம்லின்களிடம் வந்து சேர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு ஒருமுறை தைத்து முடிந்துவிடவில்லை. பல முறை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஊருக்கு அனுப்பிவிடாமல் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். படுக்கை விரித்தாள், மற்றப் பெண்களுக்குத் துணை நின்றாள், அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுத்தாள். பார்த்துப் பார்த்துப் பழகி, ஒருநாள் கத்தியைத் தானே பிடித்தாள். பின்னாளில் படித்த டாக்டர்கள் அவளிடம் வந்து இந்த அறுவையைக் கற்றுக்கொண்டு போனார்கள். 1989இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் தங்கப் பதக்கம் அந்தக் கைகளுக்குக் கிடைத்தது. ‘மூடியது’, ‘மூடவில்லை’ என்ற இரண்டே கட்டம் போட்ட ஏட்டில் மமித்துவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத இடமே கிடைக்காது. ஆனால் வாழ்ந்தாளே! வேலை கிடைத்தது, மதிப்புக் கிடைத்தது, நாலு பேர் நடுவில் உட்கார இடம் கிடைத்தது.

எல்லோரும் மமித்து ஆக வேண்டும் என்று கேட்கவில்லை நாம். எல்லோருக்கும் பதக்கமும் வேண்டாம். ஆட்டுக்குட்டி இரண்டு வாங்க முதல் வேண்டும். கசிந்தால் மாற்ற, துவைக்க, துணியும் சோப்பும் வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு வண்டி வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் அந்தக் கிராமத்துக்குப் போய், “எப்படி இருக்கிறாய் அம்மா? காய்ந்திருக்கிறாயா? சந்தைக்குப் போகிறாயா? வலிக்கிறதா?” என்று கேட்க வேண்டும், அவள் சொல்லும் விடையை ஏட்டிலே எழுத வேண்டும். ஓட்டை மூடிய கணக்குக்கு நன்கொடை தரும் சீமான்கள், இந்த ஆறு மாதத்துப் பயணத்துக்குப் பணம் தரத் தயங்குகிறார்கள். இதிலே படம் பிடிக்க ஏதுமில்லை பாருங்கள்!

2013 முதல், மே 23ஆம் நாளை பிஸ்டுலா ஒழிப்பு நாளாக ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடித்து வருகிறது. 2030க்குள் ஒழிப்போம் என்று குறியும் வைத்திருக்கிறார்கள். நல்லது, ஒழியட்டும். புதுக் காயம் ஒழிவதை எண்ணுகிற அதே ஏட்டில், முன்பே காயம்பட்டுத் தைக்கப்பட்டு வீடு திரும்பியவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்கிறோம். ஒதுக்கும்படி கேட்க, சங்கம் வைத்துப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்குத்தான் முதல் உரிமை. நட்டஈடு என்றால் என்னவென்று அறிந்தவர்கள் நாம்.

டீக்கடைத் தோழர் போகும்போது இன்னொன்றும் கேட்டுவிட்டுப் போனார். “அந்தப் பொண்ணுக்குப் போக பஸ் கட்டணம் கொடுக்கிறாங்க, சரி. ஆபரேஷனுக்கு அப்புறம் பிள்ளை உண்டாகி, பிரசவத்துக்குத் திரும்பி வரணுமே, அந்தக் கட்டணத்தை யார் அண்ணே கொடுக்கிறது?”